மின்சாரக் குட்டியானை: பிளக் பாயிண்டிலிருந்து பட்டறை வரை

சென்னையில் மின்சார லோடு வண்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கும் என்பதை. ஷோரூமில் அதற்குப் பளிச்சென்று ஒரு எண் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: ராத்திரி அந்த வண்டி எங்கே நிற்கும்? அங்கே உங்கள் பொறுப்பில் ஒரு பிளக் பாயிண்ட் உண்டா? இதற்குப் பதில் கிடைக்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு டன்னுக்குக் கீழே ஏற்றும் மின்சார வண்டி ஒன்றில் 21 கிலோவாட் மணி, அதாவது 21 யூனிட் பிடிக்கும் பேட்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சார்ஜரில் சூடாகப் போகும் இழப்பையும் சேர்த்தால் முழு சார்ஜுக்கு 24 யூனிட் வரை மீட்டரில் ஓடும். நகருக்குள் லோடோடு அது 100 கி.மீ. தரும். சொந்த இணைப்பில் யூனிட் 11 ரூபாய் என்றால் செலவு 264 ரூபாய். லிட்டருக்கு 18 கி.மீ. தரும் டீசல் குட்டியானைக்கு அதே தூரத்துக்கு ஐந்தரை லிட்டர் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்றால் 506 ரூபாய். ஆக, மிச்சம் 240 ரூபாய்க்கு மேல். இதே வண்டிக்குப் பொது சார்ஜிங் நிலையத்தில் யூனிட் 22 ரூபாய் கொடுத்து 22 யூனிட் ஏற்றினால் 484 ரூபாய். மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு டிரைவர் அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மின்சார வண்டியின் லாபம் முழுக்க ராத்திரி சார்ஜில்தான் இருக்கிறது. பொது நிலையம் அவசரத்துக்கு.

அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் இடம், அடுத்து ஈ.பி., பிறகு பிளக் பாயிண்ட், கடைசியில் வண்டி.

எந்த வண்டி, எவ்வளவு லோடு

சந்தையில் உள்ளவற்றில் டாடா ஏஸ் ஈவி 2022 மே மாதம் அறிமுகமானது. பேட்டரி 21.3 கிலோவாட் மணி, ஏற்றக்கூடிய எடை 600 கிலோ. 2024-ல் வந்த ஏஸ் ஈவி 1000 ஒரு டன் ஏற்றும். 2025-ல் வந்த ஏஸ் புரோ ஈவி 14.4 கிலோவாட் மணி பேட்டரியோடு 750 கிலோ ஏற்றும். மஹிந்திரா ஜியோ 2024 அக்டோபரில் வந்தது, 765 கிலோ வரை. இன்னும் பெரிய லோடுக்கு அசோக் லேலண்டின் துணை நிறுவனமான ஸ்விட்ச், ஐஈவி4 என்ற பெயரில் 1.7 டன் ஏற்றும் வண்டியைத் தருகிறது. முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா எவியேட்டர், வண்டியும் லோடும் சேர்த்து 3.5 டன் வகை. இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் சென்னைதான் தாய்வீடு.

லோடு எண்ணைக் கவனமாகப் பாருங்கள். 600 கிலோ என்றால் 50 கிலோ வெங்காய மூட்டை 12. டீசல் வண்டியில் 20, 25 மூட்டை அடுக்கிப் பழகியவர்கள் இங்கும் அதையே செய்வார்கள். மின்மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை உண்டு. அதனால் அதிக லோடை அது முனகாமல் இழுத்துவிடும். ஆனால் உள்ளே, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் மோட்டார் சுற்றுக்கம்பிகளும் சூடேறும். கத்திபாரா மேம்பாலத்தில் ஏறும்போது டேஷ்போர்டில் ஆமை படமோ, சக்தி குறைப்பு விளக்கோ வந்தால், வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக வேகத்தைக் குறைக்கிறது என்று பொருள். அது அடிக்கடி வந்தால் உங்கள் தொழிலுக்கு இந்த வண்டி போதவில்லை, அடுத்த அளவுக்குப் போக வேண்டும். எடை அதிகமாக ஏற்றிய பதிவு கன்ட்ரோலரின் நினைவகத்தில் தங்கவும் கூடும். வாரண்டி கேட்டு நிற்கும்போது அது உங்களுக்கு எதிராகப் பேசும்.

தூரத்துக்கு ஒரு பழக்கக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். வண்டியைச் சோதித்துக் கொடுத்த சான்றிதழில் உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் லோடோடு எதிர்பாருங்கள். அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டு டிரிப் போடுங்கள். 154 கி.மீ. என்று சான்றிதழ் இருந்தால் நடைமுறையில் 100, திட்டமிட 80. கோயம்பேட்டிலிருந்து தாம்பரம் போய்த் திரும்ப ஏறக்குறைய 50 கி.மீ.; நிம்மதியாகப் போகலாம். கோயம்பேடு – காஞ்சிபுரம் ஒருவழியே 60 கி.மீ.க்கு மேல். அங்கே சார்ஜ் போட இடம் உறுதியாகாமல் வாடகை பேசாதீர்கள். வெளிவட்டச் சாலையிலும் பைபாஸிலும் வேகம் கூடக்கூடத் தூரம் குறையும். உயரமான கன்டெய்னர் பாடி கட்டியிருந்தால் காற்றைக் கிழிக்கவே பேட்டரி கரையும். நகர நெரிசலில் நின்று நின்று போவது டீசல் வண்டிக்குச் சாபம். இதற்கு அது சாதகம். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது.

ஈ.பி. ஆபீசும் பிளக் பாயிண்டும்

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். மின்சார வண்டிகளில் புதியவர்கள் சந்திக்கும் தொல்லைகளில் பெரும்பங்கு வண்டியில் பிறப்பதில்லை, சுவரில் பிறக்கிறது.

முதல் வேலை, உங்கள் பிரிவு மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் உதவிப் பொறியாளரைப் பார்ப்பது. அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று கேளுங்கள். வண்டி 3 கிலோவாட் கூடுதலாக இழுக்கும் என்று சொல்லிக் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பியுங்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு எந்தக் கட்டணப் பிரிவு பொருந்தும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பி இறங்கினால், பின்னால் அபராதத்தில் வந்து நிற்கக்கூடும். வீட்டு இணைப்பு என்றாலும் கட்டணம் மலிவு என்று எண்ண வேண்டாம். மாதம் 25 நாள், நாளுக்கு 24 யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 1,200 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம்தான். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டியதும் கணக்கின் அடுக்கே மாறுகிறது. 1,000 யூனிட்டுக்கு மேல் போனால், அதைத் தாண்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய்க்கு மேல் விழும். மேலே 11 ரூபாய் வைத்துக் கணக்குப் போட்டது இதனால்தான்.

அடுத்து ஒயரிங். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துக் கீழ்க்கண்டபடி செய்யச் சொல்லுங்கள்.

1. மீட்டர் போர்டிலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்குத் தனி லைன். மோட்டார் பம்பு, ஏசி, கிரைண்டர் எதுவும் அதில் சேரக்கூடாது.

2. கேபிள் 4 சதுர மி.மீ. செம்பு. 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. போட்டால் 14 ஆம்பியர் ஓட்டத்தில் 6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 4 போட்டால் 4 வோல்ட்டுக்குள் அடங்கும். கேபிளும் ராத்திரி முழுக்கச் சூடாகாது. நடுவில் ஜாயிண்ட் கூடாது.

3. 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), அதனோடு 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு. இரண்டையும் சேர்த்து ஆர்.சி.பி.ஓ. என்று ஒரே பொருளாக வாங்கலாம். அது ‘டைப் ஏ’ வகையாக இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பது ‘டைப் ஏசி’. சார்ஜரிலிருந்து கசியும் நேர்மின்னோட்டம் அந்த மலிவு வகையைச் செயலிழக்க வைக்கும். ஷாக் அடிக்கும் நேரத்தில் டிரிப் ஆகாமல் போகலாம். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

4. சாக்கெட் 16 ஆம்பியர் தொழிற்சாலை வகை, நீல நிறத்தில் மூடியோடு வருவது. உங்கள் சார்ஜர் பிளக் சாதாரண 15 ஆம்பியர் மூன்று முள் வகையாக இருந்தால், உலோகப் பெட்டியில் வரும் கனமான சாக்கெட் போடுங்கள். தரையிலிருந்து 4 அடி உயரம் வேண்டும். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் என்றால் கடந்த வெள்ளத்தில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்து அதற்கும் மேலே.

5. தனி எர்த். 40 மி.மீ. ஜி.ஐ. பைப் குறைந்தது இரண்டரை மீட்டர் ஆழம் இறங்க வேண்டும். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்பு மண், ஜி.ஐ. பைப் சில வருடங்களில் அரித்துவிடும். அங்கே செம்பு பூசிய ராடு போடுங்கள். பல்லாவரம், பரங்கிமலை பக்கம் கீழே பாறை. கோடையில் எர்த் காய்ந்துபோகும். 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு குழி எடுத்து இணைப்பதுதான் அங்கே வழி.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை வைத்து எலக்ட்ரீஷியன் கண்முன்னே மூன்று அளவு எடுங்கள். பேஸ் – நியூட்ரல் 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பேஸ் – எர்த் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரல் – எர்த் 3 வோல்ட்டுக்குள். இந்தக் கடைசி எண் கூடினால் வண்டியின் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி வேலை செய்ய மறுக்கும். வண்டிதான் பழுது என்று சர்வீஸ் சென்டருக்கு இழுத்துச் செல்லப்பட்டு, அங்கே போட்டவுடன் சார்ஜ் ஏறும் வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றி முள்ளைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. விரலை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் உள்கவ்வி தளர்ந்துவிட்டது. துளையைச் சுற்றி பழுப்பு வளையம் தெரிந்தால் அன்றே சாக்கெட்டை மாற்றுங்கள். 13 ஆம்பியரை ஏழு மணி நேரம் விடாமல் இழுப்பது அயர்ன் பாக்ஸ் போடுவதைப் போன்ற வேலை அல்ல. தளர்ந்த இணைப்பு ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

தினசரி சார்ஜ்

3 கிலோவாட் சார்ஜரில் 21 கிலோவாட் மணி பேட்டரி காலியிலிருந்து நிரம்ப ஏழெட்டு மணி நேரம் ஆகும். கோயம்பேட்டுக்கு ராத்திரி 2 மணிக்குக் கிளம்புபவர் மாலை ஆறரைக்கே போட்டாக வேண்டும். காலை 7 மணிக்குக் கிளம்புபவர் 11 மணிக்கு மேல் டைமர் வைக்கட்டும். கோடையில் எட்டிலிருந்து பதினொன்று வரை தெரு முழுக்க ஏசி ஓடும். நெருக்கமான பகுதிகளில் வோல்டேஜ் 190-க்குக் கீழே இறங்கினால் சார்ஜர் விட்டுவிட்டு நிற்கும்.

லோடு இறக்கி வந்தவுடன் பிளக்கைச் சொருகாதீர்கள். கத்திரி வெயிலில் தார் ரோட்டில் ஓடிவந்த பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கிறது. அரைமணி நேரம் நிழலில் நிற்கட்டும்.

இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும் என்று கார்க்காரர்கள் சொல்லும் அறிவுரையை இதற்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்.எஃப்.பி. செல்லின் வோல்டேஜ், இருப்பு 20-லிருந்து 90 சதவீதம் வரை ஏறக்குறைய 3.2 – 3.3 வோல்ட்டிலேயே தட்டையாக நிற்கும். அதனால் பேட்டரி மேலாண்மைக் கருவிக்கு இருப்பு எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியாது. கணக்கு நாளுக்கு நாள் நழுவும். 18 சதவீதம் காட்டிய வண்டி திடீரென்று நின்றுபோவது இதனால்தான். வாரம் ஒருமுறை 100 சதவீதம் ஏற்றி, நிரம்பிய பிறகும் ஒரு மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள். அந்த நேரத்தில் செல்கள் சமப்படும், கணக்கும் சரியாகும். வண்டியின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள். பண்டிகை விடுமுறை என்று வண்டியை இரண்டு வாரம் நிறுத்துவதானால் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். பூஜ்யத்தில் மட்டும் ஒருநாளும் விட்டுவைக்காதீர்கள்.

பொது நிலையத்துக்குப் போகும்போது மூன்றைச் சரிபாருங்கள். உங்கள் வண்டிக்கு வேகச் சார்ஜ் வசதி இருக்கிறதா? சில அடிப்படை மாடல்களில் இருக்காது. சார்ஜரின் துப்பாக்கி, அதாவது வண்டியில் சொருகும் முனை, சி.சி.எஸ்.2 என்ற வகையா? ஆரம்பகாலத்து பாரத் டிசி 15 கிலோவாட் நிலையங்களின் துப்பாக்கி இதில் பொருந்தாது. மூன்றாவது, வண்டி உள்ளே நுழையுமா? மால்களின் பேஸ்மென்டில் உள்ள சார்ஜர்களையும், சார்ஜர் இருக்கும் இடம் காட்டும் ஆப் பச்சையாகக் காட்டும். கூண்டு கட்டிய வண்டி நுழைவாயில் உயரத் தடுப்பில் இடிக்கும். பெட்ரோல் பங்குகளிலும் ஜி.எஸ்.டி. சாலை, பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்திலும் திறந்தவெளியில் உள்ள நிலையங்களையே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோவாட் என்று பலகை இருப்பதைப் பார்த்து மகிழவும் வேண்டாம். ஏஸ் ஈவிக்கு 10-லிருந்து 80 சதவீதம் ஏற 105 நிமிடம் என்கிறது தயாரிப்பாளரின் கணக்கு. அதாவது 15 யூனிட்டை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், சராசரியாக 9 கிலோவாட்டுக்கும் குறைவாகத்தான் வண்டி வாங்கிக்கொள்கிறது. நிலையம் பெரிதாக இருந்து பயனில்லை.

பதிவும் காப்பீடும்

இது சுருக்கமான வேலை. வாடகை மின்சார வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. 2018 அக்டோபர் அறிவிக்கையின்படி மின்கலத்தில் ஓடும் போக்குவரத்து வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை. ஆனால் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு: எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். டிரைவருக்கு எல்.எம்.வி. எனப்படும் இலகு ரக வாகன உரிமம் போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டிக்குத் தனி உரிமம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்தது. சாலை வரி விலக்கு எந்தத் தேதி வரை இருக்கிறது என்பதைப் பதிவு செய்யும் வாரத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேளுங்கள். மத்திய அரசின் பிஎம் ஈ-டிரைவ் லாரி மானியம் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கானது. சின்ன வண்டிக்கு அதைக் காட்டி விலை பேசுபவரிடம் ஜாக்கிரதை.

காப்பீட்டில் மூன்றாம் தரப்புப் பிரீமியத்தில் மின்சாரச் சரக்கு வண்டிக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. பில்லில் அது கழிந்திருக்கிறதா பாருங்கள். சென்னையில் இருந்துகொண்டு, பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் இழப்பீடு உண்டா என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. சார்ஜரும் கேபிளும் பாலிசிக்குள் வருகின்றனவா என்பதையும் கேளுங்கள்.

பட்டறையில்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

உயர்மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடக்கூடாது. அந்த ஒரு விதியை டிரைவர், கிளீனர், டயர் கடைக்காரர் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பயிற்சி பெற்றவர்களே 10 நிமிடம் காத்திருந்து, 1,000 வோல்ட் கையுறை போட்டு, அளந்து பார்த்துவிட்டுத்தான் கைவைப்பார்கள்.

மற்றபடி உங்கள் தெருமுனை மெக்கானிக் செய்யக்கூடியது நிறைய: டயர், பிளேட் ஸ்பிரிங், புஷ், கிரீஸ், பிரேக், பல்பு, வைப்பர், 12 வோல்ட் பேட்டரி.

வண்டி ‘செத்துப்போச்சு’ என்று வரும் அழைப்புகளில் முதல் சந்தேகம் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி மேல்தான் விழ வேண்டும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், அதை மோட்டாரோடு சேர்க்கும் காண்டாக்டரை மூடுவது இந்தச் சின்ன பேட்டரியின் வேலை. நல்ல வண்டியில் சாவியைத் திருப்பினால் சீட்டுக்கடியில் ‘டக்’ என்று ஒரே சத்தம் கேட்டு ரெடி விளக்கு வரும். ‘டக் டக் டக்’ என்று துடித்தாலோ சத்தமே இல்லாவிட்டாலோ 12 வோல்ட் இறங்கிவிட்டது. இப்படிச் சரிபாருங்கள்:

வண்டி ஓய்வில் இருக்கும்போது முனைகளில் 12.6 வோல்ட் இருந்தால் நலம். 12.2 என்றால் பலவீனம். 11.8-க்குக் கீழே என்றால் காலி. வேறு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பிளஸ் – மைனஸ் மாறாமல் ஜம்பர் கொடுத்து வண்டியை ரெடி நிலைக்குக் கொண்டுவாருங்கள். இப்போது அளவு 13.5-லிருந்து 14.4-க்குள் ஏற வேண்டும். ஏறினால் பழுது பேட்டரியில், மாற்றிவிடுங்கள். ஏறவில்லை என்றால், பெரிய பேட்டரியிலிருந்து சின்னதைச் சார்ஜ் செய்யும் டிசி-டிசி கன்வெர்ட்டரோ அதன் பியூஸோ போயிருக்கிறது. அது சர்வீஸ் சென்டர் வேலை. லோடு ஏற்றும் நேரத்தில் ரெடி போடாமல் பாட்டும் விளக்கும் ஓடவிடுவதுதான் இந்தப் பேட்டரிக்கு எமன்.

அடுத்து வருவது இன்சுலேஷன் கோளாறு, அதாவது மின்காப்பில் கசிவு. மழைக்காலத்தில் காலையில் வந்து மதியம் தானாகப் போய்விடும். சார்ஜ் போடும் வாய்க்குள் ஈரம், கனெக்டர் ரப்பர் கிழிசல், எலி கடித்த கேபிள் என்று காரணம் இந்த மூன்றுக்குள் ஏதாவது ஒன்றாக இருக்கும். சவுக்கார்பேட்டை, கோயம்பேடு குடோன்களில் நிற்கும் வண்டிக்கு எலி பெரிய எதிரி. பழத்தோல், தானியச் சிதறல் எதையும் கேபினிலும் பாடியிலும் ராத்திரி விடாதீர்கள். வாரம் ஒருமுறை டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். சார்ஜ் வாயை உலர்ந்த துணியால் துடைக்கலாம். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவவே கூடாது. வாட்டர் சர்வீஸ் பையனிடம் இதை நின்று சொல்ல வேண்டும்.

பிரேக்கில் ஒரு விசேஷம். மோட்டாரே பாதி நிறுத்திவிடுவதால் பேட் சீக்கிரம் தேயாது. ஆனால் வேலையில்லாத காலிப்பரின் ஊசி (பின்) கடற்கரைக் காற்றில் துருப்பிடித்து இறுகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவச் சொல்லுங்கள். 100 சதவீதம் ஏற்றிய காலையில் முதல் சில கிலோமீட்டர் மோட்டார் பிரேக் பிடிக்காது, ஏனென்றால் திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமில்லை. புது டிரைவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம்மூர் உப்புத் தண்ணீர் குளிரூட்டும் குழாய்களை அடைத்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். குறைந்துகொண்டே போனால் கசிவைத் தேட வேண்டும்.

பாடி கட்டும் இடத்தில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. அம்பத்தூர் பக்கம் கூண்டு அடிக்கும் பட்டறையில் வழக்கம்போல சேஸிஸில் எர்த் கவ்வியை மாட்டி வெல்டிங் வைத்தால், அந்த மின்னோட்டம் கட்டுப்பாட்டுக் கருவிகள் வழியாகவும் பாயும். ஒரு பொறியில் கன்ட்ரோலர் போய்விடலாம். வாரண்டியும் போகும். கூண்டைத் தனியாக வெல்டு செய்து கொண்டுவந்து போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். தவிர்க்க முடியாமல் வண்டியில் வெல்டு வைத்தாக வேண்டுமானால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். சர்வீஸ் ஆள் வந்து உயர்மின்னழுத்தத்தைத் துண்டித்து, 12 வோல்ட் மைனஸைக் கழற்றிய பிறகே வேலை நடக்க வேண்டும். எர்த் கவ்வி வெல்டு வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தளத்தில் துளை போடும் முன் கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், பேட்டரிப் பெட்டி அங்கேதான் இருக்கிறது.

நடுவழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கக்கூடாது. காந்த மோட்டார் உள்ள வண்டியில் சக்கரம் சுற்றினாலே மின்சாரம் உண்டாகும். அது கன்ட்ரோலரைச் சுட்டுவிடலாம். பிளாட்பெட் வண்டியில் ஏற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் மோட்டார் ஓட்டும் சக்கரங்களையாவது தூக்கி எடுக்க வேண்டும்.

மழையும் வெள்ளமும்

பேட்டரிப் பெட்டி ஐபி67 என்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கினாலும் தண்ணீர் புகாது என்று சோதனைக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். அது புதுப் பெட்டிக்கு, நல்ல தண்ணீரில், அசையாமல் இருந்தபோது. மூன்று வருடம் குலுங்கி ஓடிய ரப்பர் சீலுக்கும் சாக்கடை கலந்த ஓட்டத்துக்கும் அந்த உறுதி பொருந்தாது. சக்கரத்தின் நடு மையத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் உள்ளே விடாதீர்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் போல எச்சரிக்கை வந்தால், சார்ஜை எடுத்துவிட்டு வண்டியை மேடான இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள், பிளக் லைனின் எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். வண்டி மூழ்கிவிட்டதா? தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சார்ஜும் போடக்கூடாது. கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டர் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு நிறுவனத்துக்கும் காப்பீட்டுக்கும் சொல்லுங்கள். பேட்டரிக்குள் புகுந்த தண்ணீரால் நாட்கள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம், உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். புகையோ, சீறும் சத்தமோ, இனிப்பான ரசாயன வாடையோ வந்தால் விலகி நின்று 112-ஐ அழையுங்கள். கையில் உள்ள சின்ன தீயணைப்பான் பேட்டரித் தீயை அணைக்காது. அதற்கு லாரி லாரியாகத் தண்ணீர் வேண்டும்.

பழைய வண்டி வாங்குவதானால்

கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து விலை பேசாதீர்கள். சர்வீஸ் சென்டரில் கருவியை மாட்டிப் பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தையும் செல் வோல்டேஜ் பட்டியலையும் அச்செடுத்து வாங்குங்கள். பாதி சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது அதிக செல்லுக்கும் குறைந்த செல்லுக்கும் இடையே 20, 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் அந்தப் பேட்டரியை விட்டுவிடுங்கள்.

பிறகு 100 சதவீதம் ஏற்றி, உங்கள் வழக்கமான லோடோடு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 40 கி.மீ. ஓட்டுங்கள். 40 சதவீதம் இறங்கினால் 100 கி.மீ. வண்டி, 55 இறங்கினால் 70 கி.மீ. வண்டி, விலையையும் அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள். திரும்பி வந்து அங்கேயே சார்ஜ் போட்டு, பத்து நிமிடமாவது விடாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். பேட்டரியின் வாரண்டி பல மாடல்களில் 7 ஆண்டு. அது இரண்டாவது உரிமையாளர் பெயருக்கு மாறுமா, சர்வீஸ் விட்டுப்போன மாதங்கள் இருந்தால் செல்லுமா என்பதை நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலில் வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள். சார்ஜர் கேபிள் வண்டியோடு வந்ததுதானா என்று வரிசை எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். தனியாக வாங்கப் போனால் அதன் விலை பல ஆயிரம்.